கோத்தகிரியில் இருக்கும் சித்தப்பாவை 51 ஆண்டுகளுக்குப் பின் பார்க்கப் போகிறோம்: எதைக் கொண்டுபோவது, எதை முதலில் பேசுவது?

பீலிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் ஹற்றனுக்கு அண்மையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது அதே பகுதியில் ஆசிரியையாக இருக்கிறேன். வரும் ஏப்ரல் விடுமுறையில், 73 வயதான என் அம்மாவை அழைத்துக்கொண்டு நீலகிரி மாவட்டத்தில் உள்ள கோத்தகிரிக்குப் போவதாக இருக்கிறேன். என் அப்பாவின் ஒரே தம்பியான சித்தப்பா அங்கேதான் பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் இருக்கிறார். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பிரித்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு விண்ணப்பித்து, 1974இல் சித்தியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறியவர் அவர். அப்பா இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்ததால் நாங்கள் இங்கே தங்கினோம். அப்பாயியும் மூத்த மகனோடு இருந்துவிட்டார். அதன் பிறகு அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. அப்பா 2019இல் காலமாகிவிட்டார்.

கடிதங்கள் 1983 வரை வந்துகொண்டிருந்தன, பிறகு நின்றுபோயின. 1985இல் அப்பாயி இறந்தபோது அப்பா தந்தி கொடுத்தார். பதிலும் வரவில்லை, ஆளும் வரவில்லை. தகப்பனுக்குத் தலைமகன், தாய்க்குக் கடைமகன் என்பது எங்கள் குடும்பத்தில் மாறாத வழக்கம். ஆகவே கொள்ளிக்குடத்தைத் தூக்க வேண்டியவர் சித்தப்பா. அவர் வராததால் அப்பாவே தூக்கினார். "பெற்றவளுக்குக் குடம் தூக்க வராதவன்" என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அந்த வார்த்தையை அம்மா சொல்கிறார்.

கடந்த ஆண்டு சித்தப்பாவின் பேரன் முகநூலில் என் தம்பியைத் தேடிப் பிடித்து ஒரு படத்தை அனுப்பினான். அப்பாயி நாற்காலியில் அமர்ந்திருக்க, இரு மகன்களும் இரண்டு பக்கமும் நிற்கும் ஸ்டூடியோப் படம் அது. அதே படம் எங்கள் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. எங்களுடையதில் ஒரு மூலையைக் கரையான் அரித்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அன்றிலிருந்து தொலைபேசியில் பேசிக்கொள்கிறோம். ஆனால் அம்மா மட்டும் தொலைபேசியைக் கையில் வாங்க மறுக்கிறார். "நேரில் கேட்டுக்கொள்கிறேன்" என்பதே அவருடைய பதில். எனக்குப் பயமாக இருப்பது அந்தக் கேள்விதான்.

இதே நிலையில் உறவினரைப் போய்ப் பார்த்தவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள். தேயிலை விளையும் ஊருக்கே தேயிலையைச் சுமந்துகொண்டு போவது கேலியாகுமா? அவர்கள் வீட்டிலேயே தங்கச் சொல்கிறார்கள், தங்கலாமா? அம்மாவின் வாயை அடக்க வேண்டுமா, அல்லது கேட்க விட்டுவிட வேண்டுமா?

கோத்தகிரிக்காரன்

வணக்கம் அக்கா. என் தந்தை 1972இல் வந்தவர். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் அரசு தொடங்கிய, இன்று டேன்டீ என்று எல்லாரும் சொல்கிற தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் இங்கேயே பிறந்தவன் என்றாலும் ஊரில் இன்றும் எங்கள் வீடு 'சிலோன்காரர் வீடு'தான்.

தேயிலையைத் தாராளமாகக் கொண்டு வாருங்கள். எங்கள் பக்கத்து ஆலைகளில் பெரும்பாலும் தயாராவது சி.டி.சி. எனப்படும் குருணைத் தூள். பால் ஊற்றினால் கடுஞ்சிவப்பாக நிற்கும்; ஆனால் உங்கள் உயர்நிலத் தோட்டங்களில் பழைய முறையில் சுருட்டி எடுக்கும் தூளின் மணம் அதற்கு வராது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருவர் நுவரெலியாவிலிருந்து பி.ஓ.பி.எஃப். என்ற ரகத் தூளில் அரைக்கிலோ கொண்டுவந்து கொடுத்தபோது, என் தந்தை பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, வாயால் ஆவி ஊதி, மூக்கருகே வைத்து, "இது மேல்கணக்குத் தூள்" என்றார்; தோட்டத்தின் மேல் பிரிவில் விளைந்தது என்று பொருள். அன்று முழுவதும் பால் சேர்க்காமல் தேத்தண்ணியாகத்தான் குடித்தார். மாசிக் கருவாடும் ராணி சந்தனச் சவர்க்காரமும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். அந்தச் சவர்க்காரத்தை எங்கள் வீட்டுப் பெண்கள் குளிக்கப் பயன்படுத்தவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். சேலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்கள். செடி, விதை, பச்சை இலை எதுவும் வேண்டாம், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

பயணத்தைப் பொறுத்தவரை, கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரந்தான். 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் இருக்கிறது. ஆனால் ஹற்றனிலிருந்து காங்கேசன்துறைக்குப் போய்ச் சேர்வதே பெரும்பாடு, கடல் சீற்றமான மாதங்களில் கப்பலும் நிற்கும். திருச்சியிலிருந்து மேட்டுப்பாளையம் வந்தால், அங்கிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர் மலைப்பாதை. வெளியூர் வண்டியை வாடகைக்கு எடுத்தால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் குடிநீர்ப் போத்தல்களையும் பைகளையும் சோதனைச்சாவடியில் பறிமுதல் செய்வார்கள், ஆகவே பண்டங்களைத் துணிப்பையில் கட்டுங்கள். ஊர் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளிர் ஹற்றனைவிட நுவரெலியாவுக்கு நெருக்கமானது.

வீட்டிலேயே தங்குங்கள். லாட்ஜில் அறை எடுத்தால் அதைவிடப் பெரிய அவமானம் அவர்களுக்கு வேறில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: நீங்கள் வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருவதால், உங்களைத் தங்க வைக்கும் வீட்டார் 24 மணி நேரத்துக்குள், 'சி' படிவம் என்று எல்லாரும் சொல்லிவந்த, வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை இணையத்தில் பதிய வேண்டும். பலருக்கு இது விடுதிகளுக்கு மட்டுமான விதி என்ற எண்ணம் இருக்கிறது, வீடுகளுக்கும் உண்டு. பேரனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

உறையூர் மருமகள்

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

என் தாயார் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து சிறுமியாக வந்தவர். அவருடைய மூத்த அக்கா, எங்கள் பெரியம்மா, அங்கேயே இருந்துவிட்டார். தாயார் இறந்து இரண்டு ஆண்டு கழித்துத்தான் நான் முதன்முறையாக மாத்தளைக்குப் போனேன். மகிழ்ச்சியான பயணம் என்றே நினைத்துக்கொண்டு, ஒரு கையில் இனிப்புப் பெட்டியும் மறு கையில் மல்லிகைப் பூவுமாக, சிரித்த முகத்தோடு இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) ஏறினேன். என் கணவர் பின்னால் நின்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவோ தலைமுடியை அவிழ்த்துவிட்டு, என் தாயாரின் பெயரைச் சொல்லி அழுதபடி வாசலுக்கு வந்தார். நான் இனிப்புப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

எனக்கு அந்தத் துக்கம் இரண்டு ஆண்டு பழையது. அவருக்கோ, தங்கையின் மகளை நேரில் காணும் அந்த நிமிடத்தில்தான் தங்கையே இறந்துபோகிறாள். இழவுக்கு வர முடியாத உறவு முதன்முதலாகச் சந்திக்கும்போது, எத்தனை ஆண்டு கழிந்திருந்தாலும், முதலில் நடப்பது துக்கம் விசாரிப்புத்தான். இதை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்; விமானம் ஏறிப் போனதால் எனக்கு மறந்துவிட்டது.

ஆகவே முதல் நாள் கையில் இனிப்பும் பூவும் வேண்டாம், பண்டப் பை வண்டியிலேயே இருக்கட்டும். உங்கள் அம்மா உங்கள் அப்பாவை இழந்தவராக அந்த வீட்டுக்குள் போகிறார். சித்தி கட்டிக்கொண்டு அழுவார், அழ விடுங்கள், தடுத்துத் தண்ணீர் கொடுக்க ஓடாதீர்கள். அந்த அழுகை தானாக ஓய்ந்து, யாராவது ஒருவர் மூக்கைச் சிந்திவிட்டு "வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வைத்தீர்களா?" என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் விருந்து தொடங்குகிறது. பைகளை மறுநாள் காலையில் பிரிக்கலாம்.

கேள்வி கேட்பதைப் பற்றி எனக்கு ஒரே ஒரு அனுபவம். பாட்டியின் அட்டியல் யாரிடம் இருக்கிறது என்று நான் அன்று மாலையே கேட்டுவிட்டேன். அது அட்டியலுக்காகக் கேட்டதல்ல, சும்மா பேச்சுக்குக் கேட்டது. ஆனால் அந்த வீட்டு மருமகன் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பீலிக்கரை

இருவருக்கும் நன்றி. இனிப்பு வாங்கி வைக்கும் எண்ணம் எனக்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். துக்கம் விசாரிப்பு பற்றிச் சொன்னதும் அம்மா, "இது உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். ஆனால் 1985ஆம் ஆண்டுக் கேள்வியை மட்டும் அவர் விடுவதாக இல்லை.

மண்டபம் முகாம் 1972

பீலிக்கரை அவர்களுக்கு, உங்கள் அம்மாவின் வயதுக்கு அருகில் இருப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். உங்கள் கேள்வியில் இருக்கும் ஆண்டுகளை மறுபடி ஒருமுறை பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

1964 அக்டோபரில் இரண்டு பிரதமர்கள் எங்களை எண்ணிப் பிரித்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974இல் அந்த எஞ்சியவர்களையும் 75,000, 75,000 என்று சரிபாதியாக்கினார்கள். கல்யாணமாகித் தனிக் குடும்பமான ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பித்ததால் அண்ணன் ஒரு கணக்கிலும் தம்பி மறு கணக்கிலும் விழுந்த வீடுகள் ஒரு லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீடுகளிலேயே) நாலைந்து இருக்கும். யாரும் யாரையும் கைவிட்டுப் போகவில்லை என்பதைப் பெரியவர்களே காலப்போக்கில் மறந்துவிட்டார்கள். மலைநாட்டிலிருந்து புறப்பட்ட அந்த ரயிலை 'அழுகைக் கோச்சி' என்றோம். நான் ஏறிய நாளில் கோச்சி நகர்ந்த பிறகும் சன்னலைப் பிடித்துக்கொண்டு என் அக்காள் மேடை முடியும்வரை ஓடிவந்தாள். அவளுடைய விரல் நகம் என் மணிக்கட்டில் பதிந்த தடம் தலைமன்னார் வரை சிவந்திருந்தது.

இராமானுஜம் கப்பலில் இராமேசுவரம் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்தோம். என் தாத்தாவைத் தோட்டத்துக்கு அனுப்பும் முன் நோய் பரவாமல் இருக்க நாள்கணக்கில் அடைத்து வைத்திருந்ததும் இதே மண்டபத்தில்தான் என்பார்கள். அங்கே ஒரு குடும்ப அட்டையைக் கொடுத்து, எந்த ஊரில் என்ன உதவி என்று எழுதுவார்கள். பலருக்கு வியாபாரக் கடன் என்று எழுதி, பெயர்கூடக் கேள்விப்படாத சமவெளி ஊர்களுக்கு அனுப்பினார்கள். கொழுந்து பறிப்பதும் கவ்வாத்து என்ற செடி வெட்டும் வேலையும் தவிர வேறு தெரியாதவர்கள் கடை வைத்து என்ன செய்ய முடியும்? கடன் கரைந்ததும், தெரிந்த தொழிலைத் தேடி நீலகிரிக்கு ஏறினார்கள். இப்படி இரண்டு, மூன்று முகவரி மாறாத குடும்பம் எங்களில் அரிது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். 1983இல் கடிதம் நின்றது என்கிறீர்கள். அந்த ஆண்டு ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பலும் போரினால் நின்றுபோனது. 1985இல் தோட்டக்கூலி வாங்கும் ஒருவர் இலங்கைக்கு வர வேண்டுமானால் புதிய கடவுச்சீட்டும் விசாவும் விமானச் சீட்டும் வேண்டும். அவருக்குச் சிறகு முளைத்திருந்தால்கூடக் கொள்ளிக்குடத்துக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது. அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது: அந்தத் தந்தி எந்த முகவரிக்குப் போனது?

ஆகவே அம்மாவின் வாயை அடக்க வேண்டாம். 40 ஆண்டாக வைத்திருந்ததைக் கேட்காமல் அவர் திரும்பினால், அது அவரை அரித்துக்கொண்டேயிருக்கும். "ஏன் வரவில்லை?" என்பதற்குப் பதிலாக "தந்தி கிடைத்ததா, தம்பி?" என்று கேட்கச் சொல்லுங்கள். முன்னதற்கு உங்கள் சித்தப்பா தலை குனிந்து நிற்பதைத் தவிர வேறு வழி இல்லை. பின்னதற்கு நடந்ததைச் சொல்லலாம்.

பீலிக்கரை (போய்வந்த பின்)

மே மாதம் இன்று. போய்ப் பன்னிரண்டு நாள் தங்கிவிட்டு, போன வாரந்தான் திரும்பினோம். அறிவுரை சொன்னவர்களுக்குக் கணக்கு ஒப்படைப்பது முறை என்பதால் எழுதுகிறேன்.

வாசலில் நடந்தது உறையூர் மருமகள் சொன்னபடியேதான். சித்தி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். சித்தப்பா மட்டும் திண்ணையில் தூணைப் பிடித்தபடி நின்றார், அழவில்லை. அப்பாவின் நடையும் நிற்கும் விதமும் அப்படியே அவரிடம் இருந்ததைப் பார்த்து, அழவே கூடாது என்று வந்த நான்தான் அதிகம் அழுதேன். தேயிலைப் பொட்டலத்தை மறுநாள் கொடுத்தோம். மணத்தை வைத்து அவர் எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அது எங்கள் தோட்டத்துத் தூள் அல்ல, ஹற்றன் கடையில் வாங்கியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மா மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் காலை ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே "தந்தி கிடைத்ததா, தம்பி?" என்று கேட்டார். சித்தப்பா பதில் சொல்லவில்லை. சித்திதான் சொன்னார். முகாமில் எழுதிக் கொடுத்த முதல் ஊருக்குத் தந்தி போயிருக்கிறது. அங்கிருந்து பழைய அண்டைவீட்டார் ஒருவர் மூலம் கைமாறிக் கைமாறி மலைக்கு வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாளும் கழிந்திருந்தது. கப்பல் நின்றுபோன செய்தி சித்தப்பாவுக்குத் தெரிந்திருந்தும், எதற்கும் போய்ப் பார்க்கிறேன் என்று இராமேசுவரத்துக்குப் போயிருக்கிறார். அங்கே அக்னி தீர்த்தத்தில் இறங்கிக் காரியம் செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அதை எழுதி அண்ணனுக்கு அனுப்பிய கடிதம் என்ன ஆயிற்று என்பது இரண்டு வீட்டாருக்கும் தெரியவில்லை.

அம்மா நெடுநேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "மொட்டை போட்டீர்களா?" என்றார்.

"போட்டேன் அண்ணி."

அவ்வளவுதான். அதன் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாறாக, சித்தப்பாவுக்கு எந்தப் பல்லில் வலி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையெல்லாம் விசாரித்து அவரைத் தொந்தரவு செய்யத் தொடங்கிவிட்டார்.

சித்தப்பா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: அப்பாயியை எந்த இடத்தில் அடக்கம் செய்தோம், பீலிக்கு (தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு) மேலேயா, கீழேயா? நான் படம் எடுத்துக்கொண்டு போகவில்லை. உடனே தம்பியை அழைத்தேன். அவன் அந்தி நேரத்தில் மழைத் தூறலோடு புல்லை விலக்கிக்கொண்டு போய்க் கைப்பேசியில் நேரடியாகக் காட்டினான். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "அந்தச் சவுக்கு மரம் அப்போது இல்லை" என்றார்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது வேறு. அடுத்த ஆண்டு அப்பாயியின் திதிக்குச் சித்தப்பா இங்கே வர விரும்புகிறார். கடவுச்சீட்டு எடுக்கப் பார்த்தால், 1974இல் கண்டியில் கொடுத்த பழைய கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு ஒன்று, ஆதாரில் இன்னொன்று, பெயரிலும் ஓர் எழுத்து வித்தியாசம். அவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியை நுவரெலியா மாவட்டப் பதிவகத்தில் எடுத்து அனுப்பலாம் என்று இருக்கிறேன். இலங்கைப் பிறப்புப் பதிவை வைத்து ஆதாரில் திருத்தம் செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால், எந்த வரிசையில் போக வேண்டும் என்று எழுதுங்கள். பெட்டியில் இருந்த அட்டைகள் எல்லாவற்றையும் பேரன் படம் எடுத்து வைத்திருக்கிறான்.